சேனலின் உரிமம் யார் கையில்? அமெரிக்கக் கறுப்பின மக்களின் பொதுத் தொலைக்காட்சி பற்றி

கேள்வி இது: அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு பொதுத் தொலைக்காட்சி எதற்கு? அவர்களை மையமாக வைத்துத் தனியார் சேனல்களே இருக்கின்றன. உள்ளூர் மக்களுக்கு இந்தப் பொதுத் தொலைக்காட்சி அப்படி என்ன செய்துவிட்டது? யூடியூப் வந்த பிறகும் அது வேண்டுமா?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். திரையில் கறுப்பு முகம் தெரிவது ஒரு விஷயம். எந்த நிகழ்ச்சி போகலாம், எது போகக் கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். இந்த இரண்டாவது கிடைத்த இடங்களில்தான் தொலைக்காட்சியால் உள்ளூர்க்காரர்களுக்கு உருப்படியான பலன் கிடைத்தது என்பது என் கருத்து. முதலாவது மட்டும் கிடைத்த இடங்களில் நிகழ்ச்சி நன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

அமெரிக்க ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. அங்கே பொதுத் தொலைக்காட்சியை ஒரே அரசு நிறுவனம் நாடு முழுக்க நடத்துவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிலையம், அதற்கென்று தனி உரிமம். உரிமத்தை வைத்திருப்பது ஒரு பல்கலைக்கழகமாக இருக்கலாம், மாநில அரசின் அமைப்பாக இருக்கலாம், லாப நோக்கில்லாத சங்கமாகவும் இருக்கலாம். 1967 நவம்பரில் அதிபர் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி சிபிபி என்ற கழகம் உருவானது. மத்திய அரசின் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துத் தருவது அதன் வேலையாக இருந்தது. பிறகு பிபிஎஸ் வந்தது. பிபிஎஸ் நிகழ்ச்சிகளைத் தரும், அவ்வளவுதான். உங்கள் ஊர் நிலையத்தில் என்ன ஓட வேண்டும் என்ற கடைசி வார்த்தை உரிமம் வைத்திருப்பவருடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன் காட்டிக்கொடுத்தது. அங்கே டபிள்யூஎல்பிடி என்ற தனியார் நிலையம் இருந்தது. அது போய்ச் சேரும் பகுதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கறுப்பின மக்கள். 1955-இல், பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு எதிராக வழக்காடி வென்ற வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் பேச வந்தபோது, இந்த நிலையம் படத்தை நிறுத்திவிட்டு ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்ற அட்டையைப் போட்டது. கோளாறு எதுவும் இல்லை. 1964-இல் எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் சில தொண்டர்களைப் பழக்கி, ஊருக்குள் ஒரு வீட்டில் உட்காரவைத்து, ஒரு வாரம் முழுக்க அந்த நிலையம் காட்டியதையெல்லாம் குறிப்பெடுக்கச் செய்தார். வெளியே தெரிந்தால் அடி, உதை, அதற்கு மேலும் நடக்கக்கூடிய காலம். அந்தக் குறிப்புகளோடு, ஊர்க் கறுப்பினத் தலைவர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டார். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ஒலிபரப்பு உரிம விவகாரத்தில் தலையிடப் பார்வையாளருக்கும் உரிமை உண்டு. அதுவரைக்கும் போட்டி நிறுவனங்கள்தான் அங்கே வாதாட முடியும். 1969-இல் அந்த நிலையத்தின் உரிமமே பறிபோனது. சில ஆண்டுகளில் அதே நிலையத்துக்கு வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் பொது மேலாளராக வந்தார்.

இது தனியார் நிலையத்தின் கதை. ஆனால் பின்னால் பொதுத் தொலைக்காட்சியில் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தத் தீர்ப்புதான் பிடிமானம். டிவி பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் கேள்வி கேட்கலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது, பாருங்கள்.

1967 கோடையில் நெவார்க், டெட்ராய்ட் எனப் பல நகரங்கள் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தன. டெட்ராய்டில் மட்டும் 43 பேர் செத்தார்கள். காரணத்தை ஆராய ஜான்சன் அமைத்த கெர்னர் குழு, அடுத்த ஆண்டு தன் அறிக்கையில் செய்தி ஊடகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் வெள்ளையர் உலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தாலும் வெள்ளையர் கண்ணாலேயே பார்க்கின்றன என்று அதில் நேராக எழுதியிருந்தார்கள். அறிக்கை வந்து ஐந்து வாரத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5, பாஸ்டனில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். அன்றிரவு பாஸ்டன் கார்டன் அரங்கில் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் கச்சேரி. பல நகரங்களில் கலவரம் தொடங்கியிருந்தது. கச்சேரியை ரத்து செய்யலாமா என்று மேயர் கெவின் வைட் யோசித்தார். ரத்து செய்தால் டிக்கெட் வாங்கிவிட்டு வாசலில் வந்து நிற்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் என்ன செய்வார்கள்? டாம் அட்கின்ஸ் என்ற கறுப்பின நகரமன்ற உறுப்பினர் வேறு யோசனை சொன்னார். கச்சேரி நடக்கட்டும், அதை ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஜிபிஎச் நேரடியாகக் காட்டட்டும், ஜனங்கள் வீட்டிலேயே இருந்து பார்ப்பார்கள். அப்படியே நடந்தது. அரங்கத்துக்கு இரண்டாயிரம் பேர் போலத்தான் வந்தார்கள். நிகழ்ச்சியின் கடைசியில் இளைஞர்கள் மேடையேற, போலீஸ் அவர்களைத் தள்ள, பிரௌன் போலீஸாரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தானே பேசிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். முடிந்ததும் நிலையம் அதையே மறுபடி ஒளிபரப்பியது. மற்ற பல நகரங்கள் எரிந்த அந்த இரவைப் பாஸ்டன் பெரிய சேதமில்லாமல் கடந்தது.

இந்தக் கதையைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. அன்றைக்குத் தொலைக்காட்சி கறுப்பின மக்களைத் தேடி வந்தது அவர்களை வீட்டுக்குள் வைத்திருப்பதற்காக. அவர்கள் பேசுவதைக் கேட்பதற்காக அல்ல. கேட்பது அந்த ஜூலையில்தான் தொடங்கியது. அதே நிலையம் ‘சே பிரதர்’ என்ற வாராந்திர நிகழ்ச்சியை ஆரம்பித்தது. தயாரித்தவர்கள், பேசியவர்கள், எடுத்துக்கொண்ட விஷயம் எல்லாமே ராக்ஸ்பரி, டார்செஸ்டர் போன்ற பாஸ்டனின் கறுப்பினப் பகுதிகளைச் சேர்ந்தவை. பள்ளிக்கூடம், வாடகை வீடு, போலீஸ், வேலை, நாடகம், இசை, கவிதை எல்லாம் வரும். அந்த நிகழ்ச்சியில் செய்தி சேகரித்த சாரா-ஆன் ஷா 1969-இல் ஒரு தனியார் நிலையத்துக்குப் போய், பாஸ்டனின் முதல் கறுப்பினப் பெண் தொலைக்காட்சி நிருபரானார்.

1970-இல் பக்கத்து ஊரான நியூ பெட்ஃபோர்டில் கலவரம். ‘சே பிரதர்’ குழு அங்கே போய், சம்பந்தப்பட்ட இளைஞர்கள் பேசுவதை அவர்கள் பேசுகிற மொழியிலேயே பதிவு செய்து ஒளிபரப்பியது. கெட்ட வார்த்தை இருக்கிறது என்று நிலையம் நிகழ்ச்சியையே நிறுத்தியது. கறுப்பின மக்கள் திரண்டு போராடினார்கள், நிகழ்ச்சி திரும்பி வந்தது. 1998-இல் ‘பேசிக் பிளாக்’ என்று பெயர் மாறி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஊர்க்காரர்கள் ஒரு நிகழ்ச்சிக்காகத் தெருவில் இறங்குகிறார்கள் என்றால், அதைத் தங்கள் சொத்தாக நினைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்துகிற அதிகாரம் நிலையத்திடம் இருந்தது. மக்களிடம் இருந்தது கூக்குரல் மட்டும்.

தேசிய அளவிலும் இதே இழுபறிதான். 1968 ஜூனில் ‘பிளாக் ஜர்னல்’ என்ற மாதாந்திர நிகழ்ச்சி வந்தது. கறுப்பினத்தவரால், கறுப்பினத்தவருக்காக, அவர்களைப் பற்றி என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் தலைமைத் தயாரிப்பாளர் வெள்ளையர். ஆகஸ்டில் கறுப்பின ஊழியர்கள் வேலையை விட்டு வெளிநடப்பு செய்தார்கள். விளம்பரத்தில் சொல்வதை நிர்வாகத்தில் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அதில் தொகுப்பாளராகவும் இருந்த ஆவணப்பட இயக்குநர் வில்லியம் கிரீவ்ஸ் தலைமைத் தயாரிப்பாளரானார். 1970-இல் அந்த நிகழ்ச்சிக்கு எம்மி விருது கிடைத்தது. அந்த வெளிநடப்புக்குத் தொலைக்காட்சி வரலாற்றில் இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1968-இலேயே நியூயார்க்கில் புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, டெட்ராய்டில் 56-ஆம் சேனலில் ஒரு நிகழ்ச்சி என்று வரிசையாக வந்தன. புரூக்ளின் நிகழ்ச்சி தனியார் சேனலில் ஓடியது, ஆனால் பின்னால் நின்றது அந்தப் பகுதியின் மறுசீரமைப்புக் கழகம். ஸ்டூடியோவுக்குள் உட்காராமல் தெருவிலும் முற்றத்திலும் நின்றே எடுத்தார்கள். அந்தப் பகுதி என்றாலே குற்றம் என்று செய்தியில் பார்த்தவர்களுக்கு அங்கே வீட்டு வாசலைக் கூட்டிப் பெருக்குகிற மனிதர்களும் தெரிந்தார்கள். டெட்ராய்ட் நிகழ்ச்சி பெயர் மாறி மாறி, ‘அமெரிக்கன் பிளாக் ஜர்னல்’ என்று அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடுகிறது. வட கரோலினாவிலும் மில்வாக்கியிலும் இதுபோன்ற உள்ளூர் நிகழ்ச்சிகள் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன.

சரி, உரிமம் எதிர்க்கிறவர் கையில் இருந்தால் என்ன ஆகும்? அலபாமாவைப் பாருங்கள். அங்கே பொதுத் தொலைக்காட்சி உரிமம் மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி ஆணையத்திடம் இருந்தது. மாநிலத்தில் கால்வாசிக்கு மேல் கறுப்பின மக்கள். தேசிய அளவில் இலவசமாகக் கிடைத்த ‘பிளாக் ஜர்னல்’, ‘சோல்!’ போன்ற நிகழ்ச்சிகளை அந்த ஆணையம் எடுத்துப் போடவே இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இதே கதைதான். 1970-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம் முதலில் தட்டிக்கழித்தது. பிறகு மறுபரிசீலனை, விசாரணை எல்லாம் நடந்து, 1975 ஜனவரியில் எட்டு நிலையங்களின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒளிபரப்பைத் தொடர்ந்தபடியே மறுபடி விண்ணப்பிக்க அனுமதி கொடுத்தார்கள் என்பதால் திரை இருளவில்லை. ஆனாலும் பொதுத் தொலைக்காட்சி ஒன்று இனப் பாகுபாட்டுக்காக உரிமத்தை இழந்தது என்று பதிவானது. பொது என்ற பெயர் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிரி இல்லாத இடத்திலும் பணம் என்ற இன்னொரு சிக்கல் உண்டு. நான் மேலே சொன்ன ‘சோல்!’ நியூயார்க்கில் 1968 செப்டம்பரில் தொடங்கியது. தயாரிப்பாளரும் தொகுப்பாளருமான எல்லிஸ் ஹெஸ்லிப், கறுப்பினக் கலையைக் கறுப்பினப் பார்வையாளர்கள் முன்னால், யாருக்கும் அருஞ்சொற்பொருள் சொல்லிக்கொண்டிராமல் மேடையேற்றினார். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் இளம் கவிஞர் நிக்கி ஜியோவானியும் 1971-இல் லண்டனில் உட்கார்ந்து பேசிய நெடும் உரையாடல் இந்த நிகழ்ச்சிக்காகத்தான் பதிவானது. ஆணும் பெண்ணும், இரண்டு தலைமுறையும், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமலும் மரியாதை குறையாமலும் வாதிடுகிற பேச்சு. 1973-இல் சிபிபி பணம் தருவதை நிறுத்தியதும் நிகழ்ச்சி முடிந்தது. பார்க்க ஆள் இல்லாமல் நிற்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வருவதுதான் ஹோவர்ட். பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் ஹார்வர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1867-இல் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகம் தலைநகர் வாஷிங்டனில் இருக்கிறது, கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு முதுகெலும்பு. 1971-இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு எஃப்எம் வானொலி நிலையத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. அது டபிள்யூஎச்யூஆர் ஆனது. பிறகு 1980 நவம்பர் 17 அன்று 32-ஆம் சேனலில் ஹோவர்டின் தொலைக்காட்சி தொடங்கியது. அப்போது அதன் பெயர் டபிள்யூஎச்எம்எம், 1998-இலிருந்து டபிள்யூஎச்யூடி. நாட்டிலேயே கறுப்பினத்தவர் உரிமம் வைத்து நடத்திய முதல் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இதுதான். நிகழ்ச்சியை ஒரு வெள்ளை நிர்வாகம் நிறுத்திவிடுமோ என்ற பயம் இல்லாத இடம் முதன்முதலாகக் கிடைத்தது.

அப்போதைய வாஷிங்டனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மக்கள்தொகை ஆறு லட்சத்து சொச்சம், அதில் 70 சதவீதம் கறுப்பின மக்கள். மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை எழுபதுகளின் நடுவில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடும் உறுப்பினர் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஊரின் பட்ஜெட்டையும் சட்டத்தையும் நாடாளுமன்றம் நினைத்தால் புரட்டிப்போடலாம். 1968 கலவரத்தில் எரிந்த 14-ஆம் தெரு, எச் தெரு எல்லாம் இன்னும் பாதி பாழாகக் கிடந்தன. உலகத்திலேயே நிருபர்கள் அதிகம் குவிந்திருக்கும் ஊர்களில் ஒன்று, ஆனால் அவர்கள் கேமரா திரும்புவது வெள்ளை மாளிகை பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனகோஸ்டியாவில் ஒரு பள்ளிக்கூடத்தை மூடினால் அது யாருக்குச் செய்தி? வாஷிங்டனில் இருந்து தினமும் நாடு முழுக்கச் செய்தி போகும், வாஷிங்டன்காரர்களைப் பற்றிய செய்தி போகாது. உள்ளூர்த் தேவை என்பது இங்கே வேறு எந்த ஊரையும்விடக் கூர்மையாக இருந்தது.

அந்த இடத்தை நிரப்பியது ‘ஈவனிங் எக்ஸ்சேஞ்ச்’. 1985 முதல் 2011 வரை கோஜோ நாம்டி அதைத் தொகுத்து வழங்கினார். அவர் கயானாவில் பிறந்தவர், அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கா வந்தவர், ஹோவர்டின் வானொலியில் பல ஆண்டுகள் செய்திப் பிரிவில் இருந்தவர். கத்தல், வெட்டிப் பேச்சு கிடையாது. எதிரே இருப்பவரை முழுசாகப் பேசவிட்டு, பிறகு மெதுவாக, தப்பிக்க முடியாத கேள்வியைப் போடுவார். நகரமன்றம், பள்ளிக் கல்வி, போலீஸ், ஆப்பிரிக்கா, கரீபியன், புதுப் புத்தகம் என்று எதையும் அதே நிதானத்தோடு எடுத்துக்கொள்வார்.

1990 ஜனவரியில் மேயர் மேரியன் பாரியை ஒரு ஹோட்டல் அறையில் போதைப்பொருள் வழக்கில் எஃப்பிஐ பிடித்தபோது உலகம் முழுக்க அந்த வீடியோவைப் பார்த்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஓர் அவமானக் காட்சி, அதோடு முடிந்தது. ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. கோடை விடுமுறையில் தன் பிள்ளைக்கு வேலை போட்டுக் கொடுத்த மேயர் இவர்தான். ஊரைக் கைவிட்டதும் இவர்தான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேச வேண்டியிருந்தவர்களுக்கு, தங்களைப் பார்த்துச் சிரிக்காத ஓர் இடம் தேவைப்பட்டது. கறுப்பினத்தவர் நடத்தும் உள்ளூர் நிலையம் தரக்கூடிய பெரிய சேவை இது. சொந்தத் தலைவனைச் சொந்த ஜனங்களே கேள்வி கேட்கும்போது, அதை வேறு யாரும் ஆயுதமாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமில்லாமல் கேட்க முடிவது.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. 32-ஆம் சேனல் ஆன்டெனாவில் வரும், மாதக் கட்டணம் இல்லை. தலைநகருக்குள் வீடுகளுக்குக் கேபிள் வந்து சேர்ந்ததே எண்பதுகளின் பிற்பாதியில்தான். இங்கேதான் உங்கள் ‘தனியார் சேனல் இருக்கிறதே’ என்ற பகுதிக்குப் பதில் வருகிறது. கறுப்பினப் பார்வையாளருக்கான புகழ்பெற்ற கேபிள் சேனலான பிஇடி தொடங்கியதும் அதே ஊரில், அதே 1980-இல், சில மாதம் முன்னால்தான். ராபர்ட் ஜான்சன் அதைக் கறுப்பினத் தொழில்முனைவின் பெரிய வெற்றியாக வளர்த்தார், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டு கழித்து வயாகாம் நிறுவனத்துக்கு அதை விற்க ஒப்பந்தமானது. தொகை கிட்டத்தட்ட 300 கோடி டாலர். 2002 கடைசியில் அந்தச் சேனலின் இரவு விவாத நிகழ்ச்சியும், இளைஞர்கள் போதை, செக்ஸ், வன்முறை பற்றி மனம் விட்டுப் பேசிய ‘டீன் சம்மிட்’டும் நிறுத்தப்பட்டன. வியாபாரக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். இசை வீடியோவுக்கு விளம்பரம் வரும், பள்ளி வாரியக் கூட்டத்துக்கு வராது. பிஇடி நாடு முழுக்க ஒரே மாதிரி ஓடுகிற சேனல். அனகோஸ்டியாவின் பள்ளிக்கூடம் அதன் பொறுப்பும் அல்ல. சொந்தக்காரர் மாறினால் பொறுப்பும் கைமாறிவிடுகிறது. டெட்ராய்டில் கறுப்பினத்தவர் 1975-இல் தொடங்கிய டபிள்யூஜிபிஆர் என்ற தனியார் நிலையத்தையும் இருபது ஆண்டில் சிபிஎஸ் என்ற பெரிய தனியார் தொலைக்காட்சி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

ஹோவர்ட் சேனல் செய்த இன்னொரு வேலை வெளியே தெரியாது. கேமரா பிடிக்க, ஒளியமைக்க, எடிட் செய்ய, கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நேரடி நிகழ்ச்சியை நடத்த மாணவர்களைப் பழக்கியது. பிளாக் ஜர்னல் காலத்தில் பெரிய நிறுவனங்கள் எப்போதும் சொன்ன சாக்கு ஒன்று உண்டு: ஆள் எடுக்கத் தயார்தான், தகுதியான கறுப்பினத் தொழில்நுட்ப ஆட்கள் கிடைப்பதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் நிலையத்தையே பட்டறையாக மாற்றினால் அந்தச் சாக்கு செல்லாது. இதையொட்டி இன்னொரு அமைப்பையும் சொல்ல வேண்டும். 1979-இல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் மேபல் ஹேடக் தொடங்கிய தேசியக் கறுப்பின நிகழ்ச்சிக் கூட்டமைப்பு, இன்று பிளாக் பப்ளிக் மீடியா. கறுப்பினப் படைப்பாளிகளுக்குப் பணம் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைப் பொதுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஹோவர்ட் சேனல் எப்போதும் கையில் காசில்லாத நிலையம். அதே ஊரில் டபிள்யூஈடிஏ என்ற பெரிய பொதுத் தொலைக்காட்சி நிலையம் பணத்திலும் செல்வாக்கிலும் பல மடங்கு. ஹோவர்டின் நேரத்தில் பெரும்பகுதி பிபிஎஸ் நிகழ்ச்சிகளாலும் மறுஒளிபரப்பாலும் நிரம்பியதுண்டு. தினசரி உள்ளூர்ச் செய்திக்கு ஒரு முழு அணியைக் கட்டியிருந்தால் அதன் சரித்திரமே வேறாக இருந்திருக்கும் என்பது என் ஆதங்கம். இதற்கு நிலையத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சிபிபி மானியத்தில் அடிப்படைத் தொகை ஒன்று இருந்தது. அதற்கு மேல், ஒரு நிலையம் நன்கொடையாகவும் பிற வழியிலும் எவ்வளவு திரட்டியதோ அதைப் பொறுத்துக் கூடுதல் பணம் கிடைத்தது. வசதியான பார்வையாளர் உள்ள நிலையம் நிறையத் திரட்டியது, அதனால் மானியமும் நிறைய வந்தது. வாடகைக்கே திண்டாடுகிற ஜனங்களுக்கு உழைக்கிற நிலையம் எங்கே போய்த் திரட்டும்? யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுடைய நிலையத்துக்குக் குறைவாகப் போகிற ஏற்பாடு அது. இதைச் சரிசெய்யாமல் விட்டது பொதுத் தொலைக்காட்சியின் பெரிய அநியாயம்.

ஊரும் மாறிவிட்டது. வீட்டு விலை ஏறி, கறுப்பினக் குடும்பங்கள் பக்கத்து மேரிலாந்துப் புறநகர்களுக்கு நகர்ந்தன. 2020 கணக்கெடுப்பில் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் 41 சதவீதம்தான். உள்ளூர் என்று யாரைச் சொல்வது என்பதே இப்போது கேள்வி. என்னைக் கேட்டால், நகர்ந்து போனவர்களும் அந்த அலைவரிசை போய்ச் சேரும் தூரத்துக்குள் இருக்கும்வரை உள்ளூர்க்காரர்கள்தான்.

இந்தச் சமயத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. செல்போன் நிறுவனங்களுக்கு அலைவரிசை வேண்டும் என்று மத்திய ஆணையம் தொலைக்காட்சி நிலையங்களிடமிருந்து அதை ஏலத்தில் வாங்கக் கிளம்பியது. தலைநகரில் ஓர் அலைவரிசை என்றால் பல கோடி டாலர் மதிப்பு. பல்கலைக்கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்த நேரம். ஹோவர்ட் ஏலத்தில் கலந்துகொள்ள விண்ணப்பித்தது. விற்றுவிடுவார்கள் என்று பலரும் நினைத்தார்கள். 2017-இல், விற்கவில்லை, ஏலத்திலிருந்து விலகிவிட்டோம் என்று அறிவித்தது. உரிமம் ஹோவர்டிடமே இருக்கிறது. எனக்கு அது மனம் நிறைந்த செய்தி. அலைவரிசையை ஒருமுறை விற்றுவிட்டால் திரும்ப வாங்கவே முடியாது.

யூடியூபுக்கு வருகிறேன். இன்று யார் வேண்டுமானாலும் போனில் எடுத்துப் போடலாம் என்பது உண்மைதான், அது பெரிய விடுதலையும்கூட. ஆனால் அங்கே உங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்தைப் பற்றிய ஒரு மணி நேர விவாதத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு நிறுவனத்தின் கணக்கு. அதை எதிர்த்து மனுப் போட ஜாக்சன் மக்களுக்குக் கிடைத்த வழி உங்களுக்குக் கிடையாது. உரிமம் பெற்ற நிலையம் தன் ஊர்த் தேவைக்கு என்ன செய்தது என்று பதிவு வைத்துக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் நீங்கள் கேட்கலாம். அப்புறம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் ஒரே விஷயத்தைத் தோண்டுகிற நிருபரை யாராவது நிலையாக வைத்திருக்கவும் வேண்டும்.

இப்போது நிலைமை நெருக்கடியானது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், சிபிபிக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சிபிபி தன் வேலையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பணக்கார நிலையங்கள் நன்கொடையில் சமாளிக்கும். கறுப்பின, கிராமப்புற, பழங்குடிப் பகுதி நிலையங்களுக்கும், பிளாக் பப்ளிக் மீடியா போன்ற அமைப்புகளுக்கும் அந்தப் பணம்தான் ஆதாரமாக இருந்தது. அதனால்தான் உரிமத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பணம் வற்றும்போது முதலில் விலைபேசப்படுவது அலைவரிசை.

நேரில் பார்த்துத் தீர்மானிக்க விரும்பினால், பழைய டேப்புகளில் தப்பியவை பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் காலத்து இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் பல நிலையங்கள் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்தன, போனது போனதுதான். மிஞ்சியவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பாஸ்டன் நிலையமும் சேர்ந்து நடத்தும் பொது ஒலிபரப்பு ஆவணக்காப்பகத்தில் தேடலாம். ‘பிளாக் ஜர்னல்’ பாகங்கள் அங்கே இருக்கின்றன. ‘சே பிரதர்’ தொகுப்புக்குப் பாஸ்டன் நிலையத்தின் சொந்த ஆவணத் தளம் நல்லது. டெட்ராய்ட் நிகழ்ச்சியின் பழைய பாகங்களை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் எண்மமாக்கியிருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் கிரீவ்ஸ் பொறுப்பேற்ற பிறகு வந்த ‘பிளாக் ஜர்னல்’ ஒன்றை முதலில் பாருங்கள்.